முற்றாத எண்ணெயும் பூட்டிய பீலியும்

1. அக்காவின் போன்

"பீலிக்குப் பூட்டுப் போட்டுட்டாங்க பிலோ. நீ எண்ணெய்க்குத்தானே படிச்ச? வந்து தொறந்து உட்டுட்டுப் போ."

கொழும்பு எண்ணெய் ஆய்வுகூடத்தில் வெள்ளைக் கோட்டுடன் நின்றுகொண்டிருந்த எனக்கு, ரத்தினபுரி மாவட்டத்தில் ஓப்பநாயக்கவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அக்கா எடுத்த போன் இப்படித்தான் ஆரம்பித்தது. சுகமா, சாப்பிட்டாயா என்ற விசாரணையெல்லாம் அக்காவிடம் கிடையாது. தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலின் சாவி அவளுடைய இடுப்பில்தான் தொங்குகிறது. அவளுக்குத் தெரியாமல் தோட்டத்தில் இன்னொரு பூட்டு வந்துவிட்டது என்பதில் அவளுக்குத் தண்ணீர்க் கவலையோடு மானக்கேடும் சேர்ந்திருந்தது.

மலை ஊற்றிலிருந்து பைப் வைத்து இழுத்த தண்ணீர் விழுகிற இடத்தைத்தான் நாங்கள் பீலி என்போம். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, குடிக்க, குளிக்க, வம்பு பேச எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பீலிதான். அதில் சில நாளாக வானவில் நிறத்தில் படலம் மிதந்திருக்கிறது. யாரோ போனில் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்ப, "தோட்டத்தில் எண்ணெய்" என்ற பேச்சு பங்களா வரை போய்விட்டது. தோட்ட மேனேஜரான பெரிய தொரை முள்ளுக்கம்பி அடித்து, கேட் வைத்து, பூட்டுப் போட்டுவிட்டார். தோட்ட மண்ணுக்குள் எண்ணெய் என்றால் அது கம்பனிச் சொத்தாம். பெண்கள் தேயிலை பெக்டரிக்கு அந்தப் பக்கத்துப் பைப்பிலிருந்து மேட்டில் குடம் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஒரு குச்சி எடுத்து அந்தப் படலத்தைக் கலைச்சுப் பாரு. கண்ணாடித் துண்டு மாதிரி ஒடஞ்சு நின்னா அது இரும்புத் தண்ணி, ஒண்ணும் பயமில்ல. திரும்ப ஒட்டிக்கிட்டா எண்ணெய்."

கம்பிக்கு ஊடாகக் கையை விட்டுக் கலைத்திருக்கிறாள். சற்றுப் பொறுத்துப் பதில் வந்தது.

"ஒட்டிக்கிருச்சு பிலோ."

கண்ணாடிப் போத்தலில் பிடித்து, மூடிக்குள் அலுமினியத் தாள் வைத்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பச் சொன்னேன். எண்ணெய் என்று தெரிந்தால் கண்டக்டர் ஏற்றமாட்டார் என்று அக்கா போத்தலில் "இருமல் கசாயம்" என்று எழுதி ஒட்டியிருந்தாள். அன்றிலிருந்து இன்று வரை ஆய்வுகூடத்தில் அந்தச் சாம்பிளின் பெயர் கசாயம்தான்.

2. சேர் கண்ட டெல்டா

எங்கள் தலைவரை நாங்கள் சேர் என்று கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்துக்காரர். அருமையான மனிதர், கெட்டிக்கார விஞ்ஞானி. மெசின் கீறுகிற கோட்டில் ஒரு புதுப் பீக், அதாவது சிகரம், எழும்பிவிட்டால் மட்டும் சின்னப் பிள்ளை ஆகிவிடுவார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மண்ணுக்குள் புதைந்த பாசியும் இலையும் பிசினும் கோடிக்கணக்கான வருடம் மெதுவாக வெந்துதான் மசகு எண்ணெய், அதாவது கச்சா எண்ணெய் ஆகிறது. நன்றாக வெந்த எண்ணெயில் எது இலை, எது பிசின் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். குழைந்த சோற்றில் அரிசியைத் தேடுகிற மாதிரி. அரை வேக்காட்டிலேயே வெளியே வந்துவிட்ட எண்ணெயைத்தான் இமெச்சூர் குரூட் என்கிறோம், முற்றாத எண்ணெய். அதில் பிறந்த வீட்டு அடையாளம் அப்படியே இருக்கும். இலை மெழுகில் ஒற்றைப்படைக் கார்பன் சங்கிலிகள் அதிகம். இருபத்தேழு, இருபத்தொன்பது, முப்பத்தொன்று என்று அவை மட்டும் பீக்கில் நெட்டையாக நிற்கும். நடுவில் இரட்டைப்படைகள் குட்டையாக ஒதுங்கி நிற்கும். இதைப் பார்த்தாலே, இன்னும் வேகவில்லை, கரைக் காட்டில் பிறந்தது என்று சொல்லிவிடலாம்.

கசாயம் அப்படித்தான் நின்றது. அதற்கு மேல் இன்னொன்றும் வந்தது.

"பிலோமினா, இஞ்ச ஓடி வாரும்! உதைப் பாரும்! பைகாடினேன்!"

சிங்களத்தில் ஹொர, தொரண, ஹல் என்று சொல்கிற பிசின் மரங்களின் பிசின் மண்ணுக்குள் சூடுபட்டால் உண்டாகிற பொருள் அது. தென்கிழக்காசியப் பக்கத்து எண்ணெய்களில் வரும். எங்கள் மெசின் அதைச் சொந்த நாட்டுச் சாம்பிளில் கண்டது அதுதான் முதல் தடவை.

"பெரிய ஆறு. டெல்டா. கரை முழுக்கப் பிசின் மரக்காடு. மரமெல்லாம் விழுந்து சேத்துக்குள்ள தாண்டு போய்க் கிடக்குது. உமக்குத் தெரியேல்லையே?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் மேட்டில் குடம் தூக்கும் அக்காதான்.

"சேர், எங்க சப்ரகமுவ மாகாணத்தில கீழ இருக்கிறது பூரா பழங்காலத்துப் பாறை. வறுத்தெடுத்த பாறை. அதில மாணிக்கம் வரும், எண்ணெய் வராது."

"ஆத்து மண்ணுக்குக் கீழ சின்னதா ஒரு படுகை இருக்கலாம்தானே? ஆர் தோண்டிப் பாத்தது?"

"ரத்தினபுரி மாவட்டத்தில தோண்டிப் பாக்காத எடம் ஏது சேர்? முன்னால நிக்கிற பீக் கூட்டத்தப் பாருங்க, டீசல் மாதிரி இருக்கு."

"டீசல் கொஞ்சம் மேலால கலந்திருக்கும். லொறி ஓடுற தோட்டம். அப்ப பைகாடினேன் எங்கால வந்தது? அதைச் சொல்லும்."

அதைத்தான் என்னால் சொல்லமுடியவில்லை. மரப்பிசின் தண்ணீரில் விழுந்திருக்கும் என்று தட்டிக்கழிக்கவும் வழியில்லை. பச்சைப் பிசினில் இந்தப் பீக் இப்படி எழும்பாது, நல்ல சூடு பட்டிருக்கவேண்டும். ஓப்பநாயக்கவில் யார் பிசினை வேகவைத்தது?

சேர் உடனே பெரிய தொரைக்குப் போன் எடுத்தார். நாங்கள் வரும் வரை பூட்டைத் திறக்கவே கூடாது, ஆட்கள் கிட்டப் போனால் சாம்பிள் பழுதாகிவிடும் என்றார். நேரில் பார்த்துவிட்டு மேலிடத்துக்கு எழுதப் போவதாகவும் சொன்னார். மேலிடத்துக்கு ஒரு கடிதம் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். துளை போடும் மெசின் வந்து இறங்கும் வரை அந்தப் பூட்டை ஒருவரும் தொடமாட்டார்கள். அதற்குள் அக்காவின் முதுகு கூனிவிடும். எண்ணெய் படித்த தங்கச்சி பூட்டைத் திறப்பாள் என்று அவள் நம்பிக்கொண்டிருக்க, அந்தப் பூட்டுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டது எங்கள் ஆய்வுகூடம்.

3. குவைத்துக்கு வந்தோம்

தோட்டத்து ரோட்டில் வேன் ஏறும்போதே, மதகுச் சுவரில் யாரோ கரியால் "குவைத்" என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தார்கள். பங்களாவில் தேத்தண்ணியும் கேக்கும் தயாராக இருந்தன. பெரிய தொரை சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார்.

"நாங்க நல்லா பாதுகாப்பு போட்டது. ஒருத்தரும் தொட இல்ல. இனி இந்த லயமெல்லாம் ஒடச்சி மாடி வீடு கட்டலாம் தானே?"

சேர் அதற்கும் தலையாட்டினார். நான் கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

பீலிக்கரைக்குப் போனபோது பெண்கள் குடங்களுடன் வரிசையாக நின்றார்கள். அக்கா வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"கொழும்புல இருந்து பூட்டப் பாக்கவா வந்த? அத நாங்களே நல்லாப் பாத்துட்டோம்."

சேர் கையுறை போட்டு, முழங்காலில் நின்று, போத்தல் போத்தலாகப் பிடித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஒருத்தி என் காதில், "அந்த ஐயா என்னா, தீர்த்தம் புடிக்கிறாரா?" என்றாள்.

4. செவ்வாய்க்கிழமைச் சாம்பிராணி

சேர் பங்களாவில் தங்கினார். நான் அக்கா வீட்டில். மறுநாள் காலை அக்கா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய வீட்டுக்காரர் சூசை மச்சான் வெளியிலிருந்து வந்து, காலில் அப்பியிருந்த சேற்றை வாசற்கல்லில் தேய்த்துவிட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போது மணத்தது. கோயில் திருநாளில் சாமியார் தூபக் கலசத்தை ஆட்டும்போது வருமே, அதே மணம்.

அன்று செவ்வாய்க்கிழமை. மச்சானோ ஞாயிற்றுப் பூசைக்கே உள்ளே வராமல், பலாமரத்தடியில் நின்று பிரசங்கம் முடியும் வரை பீடி குடிக்கிற ஆள்.

"என்ன மச்சான், சாம்பிராணி மணக்குது?"

"கோயிலுக்குப் போயிட்டு வாறேன் பிலோ. சும்மா, ஒரு செபம்."

அக்கா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "சாவி என் இடுப்புல தொங்குது," என்றாள்.

மச்சான் ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆட்டுக்குப் புல் போடவேண்டும் என்று எழும்பிவிட்டார். நானும் பின்னாலேயே போனேன். சாம்பிராணி மாதிரி மணக்கிற குங்கிலியமும் பிசின் மரத்துப் பிசின்தான். என் தலைக்குள் அந்தப் பைகாடினேன் பீக் நெட்டுக்குத்தாக எழும்பி நின்றது.

"மச்சான், குங்கிலியம் எங்க எரிக்கிறீங்க?"

"மெதுவாப் பேசு புள்ள!"

ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் வைத்து எல்லாம் வெளியே வந்தது. பீலிக்கு மேலே, காடாகிப்போன பழைய தேயிலை மலையில், பக்கத்துக் கிராமத்து ஆட்கள் இரண்டு பேரோடு கூட்டுச் சேர்ந்து மாணிக்கக் குழி தோண்டுகிறார். லைசன் கிடையாது. குழியில் ஊறுகிற தண்ணீரை இறைக்க ஒரு டீசல் பம்ப். அது ஒழுகும். இறைத்த தண்ணீர் பழைய கானில், அதாவது வடிகாலில், ஓடி நேரே பீலி ஊற்றுக்கு வருகிறது.

"சரி, குங்கிலியம்?"

"அது அவங்க பழக்கம். குழிக்குள்ள எறங்க முந்தி, செரட்டக் கரிய நல்லா செவக்க வச்சு, தும்மல அள்ளிப் போடணும். மாணிக்கத்துக்குக் காவலு பைரவரு. அவரு மனசு வச்சாத்தான் கல்லக் கண்ணுல காட்டுவாரு."

தும்மல என்று சிங்களத்தில் சொல்வது ஹல் மரத்துக் குங்கிலியத்தைத்தான். ஓப்பநாயக்கவில் முஸ்லிம் நானாவின் கடையில் நல்ல மஞ்சள் கட்டியாகக் கிடைக்கும்.

"நீங்க வேதக்காரரு மச்சான்."

"அதான் புள்ள விஷயமே. நம்ம அவருக்கு அந்நியம். கோவிச்சுக்குவாரேன்னு நான் ரெண்டு பிடி கூடப் போடுவேன்."

சடங்கு முடிந்ததும் தணலும் கரியும் உருகிய பிசினும் குழித் தண்ணீருக்குள்ளேயே கொட்டப்படும். காலால் மிதிபடக் கூடாதாம்.

நான் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். பூமி கோடி வருடம் எடுத்துச் செய்கிற வேலையை மச்சான் ஒரு சிரட்டையில் செய்து முடித்திருக்கிறார். நாங்களும் ஆய்வுகூடத்தில் இதைத்தான் செய்வோம். பிசினையும் பாறையையும் சுட்டுப் பார்ப்பதற்குப் பைரொலிசிஸ் என்று பெயர் வைத்து, அதற்கு ஒரு மெசினும் வைத்திருக்கிறோம். மச்சான் சுட்ட பிசின், தோட்டத்துச் சருகின் இலை மெழுகு, பம்ப் ஒழுக்கிய டீசல். மூன்றும் கலந்தால் அச்சு அசலாக முற்றாத எண்ணெய். சேருடைய டெல்டாவில் மரம் விழுந்தது உண்மை. நானா கடை வழியாக விழுந்திருக்கிறது.

சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபத்தைத்தான் முதலில் காட்டினேன்.

"பொம்பளைங்க மேட்டுல தண்ணி தூக்குறது கண்ணுக்குத் தெரியலையா? ஏன் சொல்லல?"

"போலீசுக்குப் பயமில்ல பிலோ. ஒங்கக்காவுக்குத் தெரிஞ்சா?"

"குழி தோண்டுறது அக்காவுக்குத் தெரியாதா?"

"குழி தெரியும். பைரவருதான் தெரியாது."

5. அவரை வேணா பூட்டுங்க

பங்களா வராந்தாவில் சேர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்ததும் பேனாவை மூடினார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எத்தினை பாகையில எரிச்சவராம்?"

"சேர்?"

"சூடு, பிலோமினா! சூடு என்னெண்டு கேட்டனீரே?"

குழிக்குப் போனோம். அங்கே செருப்போடு நிற்கக் கூடாது என்றதும் சேர் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். மச்சான் சிரட்டைக் கரியைச் செவக்க ஊதி, தும்மல போட்டுக் காட்டினார். புகை எழும்பியது. சேர் குனிந்து முகர்ந்தார். தணல் தணிந்தபின் சிரட்டையின் பிசுக்கை ஒரு சின்னப் போத்தலில் சுரண்டி எடுத்தார்.

"ஒவ்வொரு நாளும் செய்தனீங்களோ?"

"ஞாயித்துக்கெழம லீவு சேர். கடன் திருநாளு, வேல செய்யக் கூடாது."

"ஒழுங்கான பரிசோதனை," என்றார் சேர், உண்மையான மரியாதையோடு. பிறகு கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "டெல்டா போச்சு, பிலோமினா."

பாவமாகத்தான் இருந்தது. "போகட்டும் சேர். எங்களுக்குப் பீலி வேணும்," என்றேன்.

பீலிக்கரையில் பெரிய தொரையும் பெண்களும் கூடியிருக்க, சேர் விளக்கினார். இது மண்ணுக்குள்ளிருந்து வந்ததில்லை, மேலே ஒரு பம்ப் ஒழுகுகிறது, அதை எடுத்துவிட்டால் மழையில் ஊற்று கழுவுப்பட்டுவிடும் என்றார். பெரிய தொரையின் மாடி வீடுகள் கண்முன்னே இடிந்து விழுந்தன.

"யார்ட பம்ப்?"

எல்லோரும் தேயிலைச் செடியை அன்றுதான் முதல்முறை பார்ப்பது போலப் பார்த்தார்கள். மச்சானைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் நானும் அந்தச் செடியைத்தான் பார்த்தேன். அக்கா குடத்தைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரோடது தொரை. மேல குழி தோண்டுறாரு. பூட்டத் தொறந்து உடுங்க. அவர வேணா பூட்டுங்க."

கூட்டமாகக் குழிக்கு ஏறினோம். பெரிய தொரை பம்பைச் சுற்றி வந்தார். அதன் பக்கவாட்டில் சிவப்புப் பெயின்ட்டில் தோட்டத்து இலக்கம் இருந்தது. பெக்டரிப் பம்ப். பாவிக்க முடியாது, பழைய இரும்பு என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கழித்துவிட்டது.

"இது வேல செய்ய இல்லன்னு எழுதினது தானே?"

"நல்லா வேல செய்யுதுங்க தொரை. கொஞ்சம் லீக்கு மட்டும்தான்," என்றார் மச்சான், உதவியாக.

பெரிய தொரை தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "ஹரி, ஹரி, சரி. பம்ப் எடு. குழி மூடு. நான் ஒண்ணும் பாக்க இல்ல."

எல்லோரும் மூச்சுவிட்ட நேரம், அக்கா குனிந்து அந்தச் சிரட்டையை எடுத்தாள். முகர்ந்தாள். மச்சானைப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் சேரைப் பார்த்தேன். சேர் தொண்டையைச் செருமினார்.

"அது நுளம்புக்கு, தங்கச்சி. கடிக்காமல் இருக்கப் புகை போட்டது."

ஆதாரம் இல்லாமல் ஒரு வார்த்தை சொல்லாத மனிதர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு முடிவு வந்ததை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அக்கா நம்பினாளா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு முதல் மச்சான் கோயிலுக்குள்ளே, முன் வரிசையில் இருக்கிறார் என்று மட்டும் தெரியும்.

6. நேர்கோடு

சுத்தம் என்று சாம்பிள் சொல்லும் வரை பூட்டு இருக்கட்டும் என்று சொன்னது நான்தான். டீசல் கலந்த தண்ணீரைக் குடிக்கவிட முடியாது. அதற்காக அக்கா என்னோடு பேசாமல் இருந்தாள். மழை பெய்து ஓய்ந்தபின் பஸ்ஸில் ஒரு போத்தல் வந்தது. இந்த முறை அதில் "தண்ணி" என்று எழுதியிருந்தது.

அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், இளையவர்களுக்கு வைத்திருக்கிற ஒரே ஒரு பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். கசாயத்தின் மிச்சம் இன்னும் ஆய்வுகூடக் குளிர்பெட்டியில் இருக்கிறது. நான் ஓய்வு பெறும் வரை, புதிதாக வருகிற எல்லோருக்கும் அதைக் கொடுத்து மெசினில் ஓட்டச் சொல்வேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவார்கள்: முற்றாத எண்ணெய், பிசின் மரக்காடு, டெல்டா. பீக்கை அவர்கள் பிழையாக வாசிக்கவில்லை. சேரும் பிழையாக வாசிக்கவில்லை. என்ன மரம், எவ்வளவு வெந்தது என்று மெசின் சொல்லும். யார் வேகவைத்தது என்று அது சொல்லாது. சோர்ஸ், அதாவது பிறந்த இடம், இதுதான் என்று ரிப்போர்ட்டில் எழுதுவதற்கு முன்னால் அந்த இடத்துக்குப் போங்கள். ஒரு நாள் காலையாவது அங்கே ரொட்டி சாப்பிடுங்கள்.

"தண்ணி" மெசினுக்குள் போனது. நானும் சேரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். டீசல் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. பைகாடினேன் வரவேண்டிய இடம் வெறுமையாகக் கடந்தது. இலை மெழுகு மட்டும் சின்னதாகத் தலை காட்டியது. எந்த மலைத் தண்ணீரிலும் அவ்வளவு இருக்கும். மற்றதெல்லாம் நேர்கோடு.

"ஒண்டுமில்லை," என்றார் சேர், செத்த வீட்டுக் குரலில்.

பீக்கைத் தேடியே பிழைத்தவள் நான். அந்த நேர்கோட்டைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

"அக்கா, ஒண்ணுமில்ல. சுத்தம். தொரைகிட்ட..."

"தொரை இங்கதான் நிக்கிறாரு. சாவியோட."

பூட்டுத் திறந்து விழும் சத்தம் கேட்டது. கேட் கிறீச்சிட்டது. யாரோ பெண்கள் கத்தினார்கள். பிறகு வெறுங்குடத்துக்குள் தண்ணீர் விழுகிற சத்தம், முதலில் கணகணவென்று, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிக்கொண்டே வந்தது.

"அக்கா, கேக்குதா? மச்சான் எப்பிடி இருக்கிறாரு?"

"மொதக் கொடம் அவரு தலையிலதான். இந்த லயத்துக்கே அவருதான் தூக்கப் போறாரு. சரி, போன வையி பிலோ. தண்ணி வழிஞ்சு வீணாப் போகுது."

வைத்துவிட்டாள்.